கம்பெனி பஸ் எங்கே நிற்க வேண்டும்?

சத்யப்ரியா டீச்சரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'இங்கிட்டு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். விருதுநகர்ப் பக்கத்து ஆள். 'இங்கிட்டு வா, அங்கிட்டு நில்லு' என்று வாயைத் திறந்தாலே பின் பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு கிளம்பும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் மாற்றிக்கொள்ளவில்லை. புருஷனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்தது என்று ஊர், உறவு, வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாயிற்று, பேச்சையுமா விட்டுவிட்டு வரமுடியும்? மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. நடக்கிற தூரத்தில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு உயர்நிலைப் பள்ளி. அதில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. அவள் வாழ்க்கை அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், புத்தகத்தில் தமிழ் என்று இருக்கிற பிள்ளைகள். நாராயணப்பன் கூட்டும்போது வாய்க்குள் 'ஒந்து, எரடு' என்று கன்னடத்தில் முணுமுணுத்துவிட்டு விடையை மட்டும் தமிழில் சொல்லுவான். ரஞ்சிதா சேலம், அஸ்வின் திருச்சி. எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் கம்பெனிக்குப் போகிறவர். புத்தகத்துக் கணக்கைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். உருளையின் கன அளவா, இந்தா சூத்திரம், இந்தா விடை. அதே பிள்ளைகளிடம், மொட்டை மாடியில் இருக்கிற கறுப்புத் தொட்டியில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டாள். அத்தனை பேரும் திருதிருவென்று முழித்தார்கள். அந்தத் தொட்டியும் உருளைதான் என்பது ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே! சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டாள்.

"இனிமே நான் கணக்குச் சொல்லித் தரப்போறதில்ல. கணக்கைத் தருவேன். நீங்க எனக்குச் சொல்லித் தாங்க. நம்ம தொட்டித் தண்ணி ஏன் மத்தியானமே தீந்து போகுது? இதான் கணக்கு. போங்க, மாடிக்குப் போங்க."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பிள்ளைகள் கயிறு பிடித்துத் தொட்டியை அளந்தார்கள். குழாயடியில் வாளி வைத்து எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்தார்கள். சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை மூன்று பாஷையிலும் நடந்தது. கடைசியில், பிள்ளைகள் குடிக்கிறதைவிட அதிகம் கழிவறைக் குழாயில் ஒழுகிப் போகிறது என்று கண்டுபிடித்து, ஹெட்மாஸ்டர் பெரியதம்பி முன்னால் போய் நின்றார்கள். அவர் நல்ல மனிதர். பிளம்பரை வரவழைத்தார். அப்புறம் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாஞ் சரிங்க டீச்சர், போர்ஷன் முடிஞ்சிருமுங்களா?" என்று கவலைப்பட்டார்.

முடித்துக் காட்டினாள். ஆனால் வகுப்பு நடக்கிற விதமே மாறிப்போயிற்று. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வட்டம் போட்டு உட்காருவார்கள். யாருக்கும் தெரியாத கணக்குத்தான் முதலில் வரும். என்ன தெரியும், என்ன தெரியாது என்று பேசிய பிறகுதான் பேனாவைத் தொடவேண்டும். விடை வந்தாலும் வேறொரு வழியில் போட்டுச் சரிபார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: கணக்கைப் பாதியில் போட்டுவிட்டு ஓடக்கூடாது. "கணக்கு ஒண்ணும் கடிச்சிறாது, உக்காரு" என்பாள்.

அந்தச் சட்டத்தை வேதமாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பிள்ளை, தஸ்லிம்.

தஸ்லிமின் அத்தா கௌஸ் மொய்தீன் கம்பெனிகளுக்குப் பனியன் வேஸ்ட் போடுகிறவர். மெஷின் துடைக்கிற துணி. மூட்டை மூட்டையாக வண்டியில் கட்டிக்கொண்டு கேட் கேட்டாக ஏறி இறங்குவார். மகள் வாயே திறக்காத பிள்ளை. பேர் கேட்டால்கூட இரண்டு தடவை கேட்கவேண்டும். ஆனால் ஒரு கணக்குக்குள் இறங்கிவிட்டாள் என்றால் அவ்வளவுதான், மதிய மணி அடித்ததும் தெரியாது, பக்கத்துப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் தெரியாது. டீச்சர் போய் பெஞ்சை டொக் டொக்கென்று இரண்டு தட்டு தட்டினால்தான் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிறவள் மாதிரி நிமிர்ந்து பார்ப்பாள். பரீட்சையிலும் அதே கதைதான். முதல் திருப்புதல் தேர்வில் ஒரே கணக்கில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் தேர்வு நடக்கும்போதெல்லாம் டீச்சர் அவள் பக்கம் போய் பெஞ்சைத் தட்டிவிட்டு வருவாள். தட்டினால் அடுத்த கேள்வி. அது இரண்டு பேருக்குமான ஏற்பாடு. அப்புறம் மதிப்பெண் எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான்.

ஒரு பெற்றோர் கூட்டத்தில் கௌஸ் மொய்தீன் வந்தார். சட்டையில் நூல் பிசிறுகளோடு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"பதினொண்ணாவதுல கணக்கு குரூப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா டீச்சர். அந்த குரூப்பு கெடச்சிட்டா, என்ன பாடு பட்டாவது காலேஜ் வரைக்கும் நான் படிக்க வெக்கிறன். கெடைக்கலன்னா பன்னெண்டாவதோட சரி, கம்பெனிக்கு அனுப்பிடுவன். பின்னாடி தௌசிப் இருக்கான், அவனையும் பாக்கணுமில்லீங்களா? உள்ளதச் சொல்லுங்க. புள்ள தேறுமா?"

"தேறுமாவா? இந்த ஸ்கூல்ல இப்படி ஒரு தலைய நான் பாத்ததில்லங்க. கணக்கு குரூப் அவளுக்குக் கிடைக்கும். நான் இருக்கேன்ல?"

கௌஸ் மொய்தீனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சொன்னாச் சரி டீச்சர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் சாயங்காலமானால் கடைவீதி மாடியில் இருக்கிற ட்யூஷனுக்கு ஓடுவார்கள். தஸ்லிம் போகவில்லை. நீ போகலையா என்று ரஞ்சிதா கேட்டதற்கு, "எதுக்கு? அதான் மிஸ் இருக்காங்களே" என்றாளாம். ரஞ்சிதா அதை டீச்சரிடம் வந்து கேலியாகச் சொன்னபோது டீச்சருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. குளிர்ந்ததோடு நின்றுவிட்டது, அதுதான் கொடுமை.

பொதுத்தேர்வு நெருங்கும்போது கடைசியாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரஞ்சிதா கொண்டுவந்த கணக்கு. அவள் அம்மா வேலைக்குப் போகிற கம்பெனி பஸ் ரோட்டின் ஒரு கோடியில் நிற்கிறது, அம்மா இந்தக் கோடியிலிருந்து நடந்து நடந்து கால் வீங்கிக் கிடக்கிறது. நீளமான ஒரே ரோடு, வழிநெடுகக் கம்பெனிக்குப் போகிறவர்கள் வீடு. எல்லாருடைய நடையையும் சேர்த்துப் பார்த்தால் மிகக் குறைவாக வரவேண்டும். அப்படியானால் பஸ் எங்கே நிற்கவேண்டும்? பிள்ளைகள் வீடு வீடாகப் போய் விசாரித்து, பெரிய சார்ட்டில் ரோட்டை வரைந்து, புள்ளி வைத்து, தலையைப் பிய்த்துக்கொண்டு கிடந்தார்கள்.

கடைசி வகுப்பு வந்தது. மறுவாரம் பரீட்சை. பெரியதம்பி சார் வராந்தாவிலேயே டீச்சரை நிறுத்தி, "இன்னிக்குப் பாடமே வேணாங்க. மொதல்ல வரைபடத்தையும் வடிவியலையும் போடு, அது கைமேல மார்க்கு. வராத கணக்க விட்டுட்டு அடுத்ததுக்குப் போ, கடியாரத்தப் பாத்து எழுது. இத மட்டும் சொல்லி அனுப்புங்க" என்றார்.

"அதைத்தான் சார் சொல்லப்போறேன்" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். தஸ்லிமைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஹாலில் தட்டுவதற்கு நான் இருக்கமாட்டேன் என்று சொல்லவேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

உள்ளே போனதும் தஸ்லிம் எழுந்து நின்றாள். வருஷம் பூராவும் தானாக எழுந்து நிற்காத பிள்ளை.

"மிஸ், பஸ் கணக்கு முடியலயே மிஸ். பாதியில வுட்டுட்டுப் போறமா?"

அவ்வளவுதான். "ஆமா மிஸ், ஆமா மிஸ்" என்று வகுப்பே கத்தியது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் கணக்கு டீச்சருக்குத்தான் சிரிப்பு வராது, சொல்லுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் பிள்ளைகள் கணக்குப் போட்டே தீரணும் என்று அடம்பிடிக்கிறதை எங்கே போய்ப் பார்ப்பது?

"சரி, கொஞ்ச நேரந்தான்" என்றாள்.

வராந்தாவில் பிள்ளைகளே வீடுகளாக வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றார்கள். டீச்சர்தான் பஸ். "ரோட்டுக்கு நட்டநடுவுல நில்லுங்க மிஸ்" என்றான் அஸ்வின். நின்றாள். கூட்டிப் பார்த்தார்கள். இல்லை, அதைவிடக் குறைவாக வருகிற இடம் இருந்தது. ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே தஸ்லிமின் குரல் மெதுவாக வந்தது.

"ரோட்டுக்கு நடு வேணாம் மிஸ். ஆளுக்கு நடு. நீங்க ஒரு அடி அந்தப் பக்கம் போனீங்கன்னா, அங்க இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடி மிச்சம். இங்க இருக்கற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடி நட்டம். அப்போ எந்தப் பக்கம் ஆள் அதிகமோ அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கணும். ரெண்டு பக்கமும் ஆள் சமமாச்சுன்னா நின்னுடணும். வீடு எவ்ளோ தூரம்னு அளக்கவே வேணாம் மிஸ்!"

 நாராயணப்பன் கையைத் தட்டினான் பாருங்கள், வராந்தாவே அதிர்ந்தது. டீச்சர் தஸ்லிமின் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போது மணி அடித்தது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். சொல்லவேண்டியது எதையும் அவள் சொல்லவில்லை.

மறந்தே போயிருந்தாலாவது பரவாயில்லை. சாயங்காலம் குக்கரை அடுப்பில் வைக்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. ஐயையோ என்று ஒரு கணம் கை நின்றது. 'சரி, ட்யூஷன்ல இதையெல்லாம் பத்து தடவை சொல்லியிருப்பாங்க' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விசிலைப் போட்டாள். ட்யூஷனுக்குப் போகாத பிள்ளை ஒன்று இருக்கிறது என்பது, பாவி மனுஷி, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கணக்குப் பரீட்சை அன்றைக்கு அவளுக்கு வேறொரு பள்ளியில் மேற்பார்வை. முடிந்ததும் ஆட்டோ பிடித்துத் தன் பிள்ளைகள் எழுதிய இடத்துக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். ஈசி மிஸ், ஈசி மிஸ் என்று சூழ்ந்துகொண்டார்கள். தஸ்லிம் கடைசியாக வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"மிஸ், கட்டாயக் கேள்வி கூம்பு மிஸ். யாருக்குமே வரலயாம். நான் போட்டுட்டேன். ரெண்டு விதமாப் போட்டேன். ரெண்டும் ஒரே விடை!"

"சபாஷ்! வரைபடம் எப்படி வந்தது?"

"வரைபடத்துக்கு வரவே இல்ல மிஸ்."

"என்ன புள்ள சொல்ற? வடிவியல்?"

"அதுக்குள்ள தாள வாங்கிட்டாங்க மிஸ்." சிரிப்பு மெல்ல இறங்கியது. "யாரும் பெஞ்சைத் தட்டவே இல்ல மிஸ்."

 முதலில் கஷ்டமான கணக்கு, இரண்டு வழி, பாதியில் ஓடாதே. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை செய்திருக்கிறது. ஒவ்வொரு கணக்கையும் அப்படியே செய்து, பாதித் தாளைத் தொடாமலே வந்திருக்கிறது. "பரவாயில்ல, பரவாயில்ல" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ரிசல்ட் வந்தது. பள்ளியில் எல்லாரும் பாஸ். ட்யூஷன் பிள்ளைகள் எழுபது, எண்பது. தஸ்லிம் கணக்கில் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. மறுகூட்டலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எழுதாத கணக்குக்கு யார் மார்க் போடுவார்கள்? அதே எண்தான் திரும்பி வந்தது.

மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கைக்கு டீச்சரே கூடப் போனாள். மன்றாடினாள். "இந்தப் புள்ளைக்கு ஒரு கணக்கு குடுத்துப் பாருங்க சார், ஒரே ஒரு கணக்கு" என்றாள். அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். மார்க் வரிசைப்படிதான் சேர்க்கமுடியும், கணக்கு குரூப் நிறைந்துவிட்டது, வணிகவியலில் வேண்டுமானால் இடம் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் தஸ்லிம் அழவில்லை. 

கௌஸ் மொய்தீன் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு, டீச்சரை ஆறுதல் படுத்துகிற குரலில் பேசினார்.

"வுடுங்க டீச்சர். உங்க நல்ல மனசுக்குப் புள்ளைய ஒசத்தியாச் சொன்னீங்க. நானும் நம்பிட்டன். அவளுக்கு அவ்ளோதான் வரும்போல. வருத்தப்படாதீங்க."

"இல்லங்க, அவ கெட்டிக்காரிங்க. நெசமாவே..."

"சரிங்க டீச்சர், சரிங்க" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற அப்பனே தன் பிள்ளையை மக்கு என்று நம்பிக்கொண்டு போகிறார், அதைத் திருத்த அவளுக்கு வாய் வரவில்லை. திருத்தவேண்டுமென்றால், நான் சொல்ல மறந்தேன் என்று சொல்லவேண்டும். அவள் சொல்லவில்லை. அவர் வண்டி போய்விட்டது.

அடுத்த வருஷம் பள்ளி திறந்தபோது வகுப்பில் வட்டம் இல்லை. பெஞ்சுகள் பழையபடி வரிசைக்கு வந்தன. ரோடு வரைந்த சார்ட்டைச் சுருட்டி பீரோவுக்கு மேலே போட்டாள். முதல் நாளே கரும்பலகையில் 'முதலில் வரைபடம்' என்று எழுதினாள். முந்தின வருஷக் கேள்விகள், அதற்கு முந்தின வருஷக் கேள்விகள். மாடிக்கும் வராந்தாவுக்கும் யாரும் போகவில்லை. சராசரி ஏறியது. பெரியதம்பி சார் ஆண்டு விழாவில் சால்வை போர்த்தினார். பெற்றோர்கள் தேடிவந்து நன்றி சொன்னார்கள். நல்ல டீச்சர் என்று பேர் வந்தது. வீட்டில் மடித்து வைத்த அந்தச் சால்வையை அவள் அப்புறம் பிரிக்கவே இல்லை.

தஸ்லிம் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு மேல் கேட்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை.

போன ஆடி மாதம் ஒரு காலை. தூறல். பள்ளிக்குப் போகிற வழியில் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"மிஸ்! இங்கிட்டு, இங்கிட்டு!"

திரும்பினாள். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் டப்பா. தஸ்லிம்தான். உயர்ந்திருந்தாள். மெலிந்தும் இருந்தாள்.

"நல்லாருக்கியா புள்ள?"

"நல்லாருக்கன் மிஸ். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. சின்னச் சின்ன பீஸ் மாட்டணும். நான் ஒரே பீஸ்ல நின்னுட்டேன்னா சூப்பர்வைசர் வந்து டேபிளத் தட்டுவாரு. இங்க தட்டறதுக்கு ஆள் இருக்கு மிஸ்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்தவேண்டும் என்று சொல்லவில்லை, வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். 

"தஸ்லிம், கடைசி கிளாஸ்ல நான் ஒன்னு சொல்லியிருக்கணும். மத்தவங்களுக்கு ட்யூஷன்ல சொல்லிட்டாங்க. உனக்கு நான்தான் சொல்லியிருக்கணும். நான் சொல்லல புள்ள. தப்பு என்னோடது. உங்க அத்தாகிட்டயும் நான் அதைச் சொல்லல."

தஸ்லிம் தலையை ஆட்டினாள். 

"இல்ல மிஸ். பஸ் கணக்க முடிக்கலாம்னு நான்தான எந்திரிச்சுக் கேட்டேன்?"

 இத்தனை வருஷமாக இந்தப் பிள்ளை அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது.

தஸ்லிம்தான் பேச்சை மாற்றினாள். "பாருங்க மிஸ், நம்ம சொன்ன எடத்துல பஸ் நிக்கவே இல்ல. அங்கதான் நடு ஆள் வீடு. இவங்க இங்க வந்து நிப்பாட்டறாங்க. நான் டிரைவர் அண்ணன்கிட்டச் சொன்னேன், சிரிக்கறாரு." பிறகு முகம் மலர்ந்து கேட்டாள். "இப்பவும் அந்த மாதிரி கணக்கு குடுக்கறீங்களா மிஸ்? வட்டமா உக்கார வெச்சு?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லமுடியவில்லை.

"ஆமா" என்றாள்.

"நெனச்சேன் மிஸ்! இப்ப என்ன கணக்கு ஓடுது? சொல்லுங்க மிஸ், சொல்லுங்க."

டீச்சர் ரோட்டைப் பார்த்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "ஒரு ரோடு இல்ல. ரெண்டு ரோடு குறுக்கும் நெடுக்குமா வெட்டுது. நாலு பக்கமும் வீடு. இப்ப பஸ் எங்க நிக்கணும்?"

தஸ்லிமின் கண் அப்படியே நின்றது. வராந்தாவில் பார்த்த அதே பார்வை. பஸ் வந்ததும், கூட்டம் ஏறியதும் அவளுக்குத் தெரியவில்லை. கூட இருந்த பெண் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"சூப்பர் மிஸ்! நாளைக்கு விடை சொல்றன். ரெண்டு விதமாப் போட்டு எடுத்தாரன். இந்த வாரம் பூரா ஜெனரல் ஷிப்ட்தான், இங்கயேதான் நிப்பன். வந்துருங்க மிஸ்!"

பஸ் நகர்ந்தது. ஈரக் கண்ணாடியில் அவள் விரலால் குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் போடுவது கீழேயிருந்து தெரிந்தது.

பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் ஏற்கனவே வரைபடத்தாளைப் பிரித்து வைத்து, ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மிஸ், இன்னிக்கும் வரைபடந்தான மிஸ்?"

சத்யப்ரியா சாக்பீஸை எடுத்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பினாள்.

"ஆமா" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் பெரிய ரோட்டுப் பக்கம் போகவில்லை. ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் ஒரு மண்பாதை இருக்கிறது, சுற்று வழி. மழைச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் நடந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பெரிய ரோட்டில், விடையை இரண்டு விதமாகப் போட்டு வைத்துக்கொண்டு, பஸ் வருகிற வரைக்கும் அந்தப் பிள்ளை இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கும்.